மயில் பெஞ்சில் நடு இடம்

மலையடிவாரத்துல பஸ் நிக்கிற இடத்துல, மயில் உருவத்துல சிமெண்ட் பெஞ்சு போட்டிருக்காங்க. விரிச்ச தோகைதான் சாய்மானம். மூணு பேர் தாராளமா உக்காரலாம்.

திருத்தணியில மயில் மேல யார் உக்காருவாங்கன்னு செஞ்சவங்க யோசிக்கல போல. இன்னிக்கு மதியம் பெஞ்சு காலி. மயில் நெத்தியில குங்குமம்.

கால்ல கட்டு போட்ட ஒருத்தர் பக்கத்துலயே வெயில்ல நின்னுகினு இருந்தார்.

"உக்காருங்கண்ணா"ன்னேன்.

"சாமி வாகனம்ங்க. எப்டி உக்கார்றது?"

அவர் மனைவிக்குக் கோபம் வந்துடுச்சு. "முருகரையே தூக்கினு போவுது, உன்னைத் தூக்காதா? உக்காருய்யா!"

மயில் கழுத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினு ஓரமா உக்காந்தார். அந்தக்கா இன்னொரு ஓரத்துல.

நான் நடுவுல உக்காரப் போனேன்.

"அங்க வாணாங்க"ன்னார் மெதுவா. "அது முருகரு இடம்."

பஸ் வர்ற வரைக்கும் நின்னுகினே இருந்தேன்.

நீங்களா இருந்தா உக்காந்திருப்பீங்களா?