ஒரு மணி நேரம் மெல்லக்கூடாது

பல்வலி என்று போன வாரமே இங்கே புலம்பியிருந்தேன். ஏழு பேர் கைவைத்தியம் எழுதி அனுப்பினீர்கள். நன்றி. ஒன்றும் பலிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மலையிறங்கி, சேலத்துப் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்தேன். எனக்கு மிச்சமிருப்பது பத்தொன்பது பல். அதில் ஒன்றில் குழி.

டாக்டர் கண்ணாடித் தகட்டில் கொஞ்சம் வெள்ளைப் பொடி கொட்டினார். பக்கத்தில் கிராம்பு எண்ணெய், இரண்டு சொட்டு. மாவு பிசைவதுபோல் குழைத்தார். வாசனை எழுந்தது.

பல்வலி மறந்துவிட்டது. ரோசம்மா ஞாபகம் வந்துவிட்டது.

அந்தப் பொடி சிங்க் ஆக்சைடு. ஏற்காட்டில் பையன்களுக்கு முப்பத்தோரு வருஷம் அதைப் பாடமாக நடத்தியவன் நான். அரிப்புக்குப் பூசும் ரோஸ் லோஷனில் அது இருக்கிறது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியில், பெயிண்டில், ஏன், நீங்கள் போகும் பஸ்ஸின் டயரில்கூட இருக்கிறது. பரம சாது என்று நம்பிவிடாதீர்கள்... துத்தநாகம் பூசிய குழாயை வெல்டிங் செய்யும்போது கிளம்பும் வெள்ளைப் புகையும் அதுதான். அதைச் சுவாசித்த ஆள் சாயங்காலம் மலேரியா கண்டவர்போல் நடுங்குவார்.

பையன்களுக்குப் பிடித்த குணம் வேறு. சூடாக்கினால் பொடி மஞ்சளாகும். ஆறினால் மறுபடி வெள்ளை. எதுவுமே நடக்காததுபோல!

ரோசம்மா என் மனைவி. காலமாகி நாலு வருஷம் ஆகிறது. எழுபதுகளின் கடைசியில், நாங்கள் நாகலூரில் குடியிருந்தபோது, அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் குழி விழுந்தது. இதே டாக்டர்தான். அப்போது படிப்பு முடித்த புதிது. "இது தற்காலிகந்தானுங்க. ஆறு வாரம் கழிச்சு வாங்க, வெள்ளி வெச்சுக் கெட்டியா அடைச்சிரலாம்" என்று இதே பூச்சை வைத்தார்.

அந்த வெள்ளியை அவள் கடைசிவரை வைத்துக்கொள்ளவில்லை. பூச்சு மூன்று மாதத்துக்கொரு தரம் உதிரும். உடனே சேலம். நாகலூரிலிருந்து ஒரு பஸ், ஏற்காடு ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கி இன்னொரு பஸ். இருபது கொண்டை ஊசி வளைவு. கையில் எலுமிச்சம்பழம் இருந்தும் பாதி வழியில் வாந்தி எடுப்பாள். அப்படியும் பூச்சு உதிர்ந்தால் முதலில் புடவை மாற்றி நிற்பவள் அவள்தான்.

பூச்சு வைத்ததும் டாக்டர் சொல்வார்: இறுகுகிறவரை, ஒரு மணி நேரம், எதையும் மெல்லக்கூடாது. பேசலாம்.

எதிரே ஒரு பூங்கா. அங்கே உட்காருவோம். வீட்டில் அதிகம் பேசாதவள், அந்தப் பெஞ்சில் நிறுத்தமாட்டாள். எஸ்டேட் ரைட்டர் சம்சாரத்தின் புதுத் தையல் மிஷின், சின்ன வயதில் கரடியூரில் பலா மரத்தடியில் கரடியைப் பார்த்தது... வாயெல்லாம் கிராம்பு வாசனை. நான்? கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன ஆவது? கரடி மரத்தில் ஏறியதா, ஓடிப்போனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மலையேறி இருபதாவது வளைவு தாண்டினால், பழைய ரோசம்மா. சூடு ஆறிய பொடி.

பஸ் ஸ்டாண்டில் வறுத்த பட்டாணி வாங்குவாள். அந்தப் பல்லிலேயே வைத்துக் கடிப்பாள். அதட்டினால், "ஏனுங்க, இந்தப் பக்கம் மென்னாத்தான் நொம்ப ருசியா இருக்குதுங்க" என்பாள். பூச்சு உதிராமல் என்ன செய்யும்? நான் டாக்டரைத்தான் சந்தேகப்பட்டேன். எண்ணெய் அதிகம், பொடி குறைவு என்று அவருக்கே பாடம் நடத்தினேன். ஆறு வருஷம் இப்படி. கடைசியில் பல் பிளந்து, பிடுங்க வேண்டியதாயிற்று. தொல்லை விட்டது என்றேன்.

இந்தச் செவ்வாயன்றும் விடவில்லை. பஞ்சை வைக்குமுன் டாக்டரிடம் சொன்னேன்: "இதாவது நிக்குமா? எங்க வீட்டுக்காரிக்கு நீங்க வெச்சது ஒண்ணுகூட நிக்கலை."

அவர் குழைப்பதை நிறுத்தினார்.

"ஏனுங்க சார், அம்மா உங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களா? நீங்க வெளியில கம்பவுண்டர்கிட்ட பஸ் டைம் கேக்கப் போயிருவீங்க. நான் ஒவ்வொரு தடவையும் வெள்ளி அடைக்கிறேன்னு சொல்லுவேன். பல்லே போயிரும்னும் சொல்லிப் பாத்தேனுங்க. அம்மா கேக்கவே மாட்டாங்க."

"ஏன்?"

"'சாமி, அந்த வெள்ளைப் பொடியவே வெச்சு உடு. கெட்டியா அடைச்சுப்புட்டீன்னா அப்புறம் எங்க ஊட்டுக்காரரு என்னைய எதுக்கு மலையெறக்கிக் கூட்டியாறாரு? இங்க வந்தாத்தான் ஒரு மணி நேரம் எம் பக்கத்துல உக்காந்திருக்கறாரு' அப்படிம்பாங்க."

வாயில் பஞ்சு வைத்துவிட்டார். நல்லதாய்ப் போயிற்று.

பூச்சை வைத்து முடித்து, ஆறு வாரம் கழித்து வெள்ளி அடைத்துவிடலாமா என்று கேட்டார். எழுந்து எதிரே பூங்காவுக்குப் போனேன். அந்தப் பெஞ்ச் இருக்கிறது. புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வாயெல்லாம் கிராம்பு.

மெல்லத்தான் கூடாது. பேசலாமாம்... கேட்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன்.