மாடி பஸ்ஸும் நீள பஸ்ஸும்

சித்தூரில் வேலை முடிந்து ஓய்வு பெற்றதும் நானும் என் மனைவியும் திருப்பதிக்குக் குடிவந்தோம். மகள் பெங்களூரில். வீட்டில் இரண்டே பேர். நாள் முழுக்கப் பேசியதைச் சேர்த்தாலும் பத்து வாக்கியம் தேறாது. அப்போதுதான் ஊருக்கு மாடி பஸ் வந்தது. சண்டை போடவாவது ஒரு விஷயம் கிடைத்தது.

மாடி பஸ்தான் சரி என்பது என் கட்சி. ஒரு பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு பஸ் ஜனம் போகலாம். அவள் கட்சி நீள பஸ். கல்யாணமான புதிதில் சென்னையில் இருந்தபோது அதில் போவோம். இரண்டு பஸ்ஸை நடுவில் ரப்பர் மடிப்பு வைத்து ஒட்டியது. அவள் முன்பக்கம் பெண்கள் சீட்டில், நான் பின்பக்கம் கம்பியைப் பிடித்தபடி.

"அதுல எவ்ளோ தூரத்துல நின்னாலும் நீ தெரிஞ்சே. இதுல மேல போய்ட்டா, நீ கீறியா இல்லியான்னே தெரியல," என்றாள்.

"அது திரும்பறதுக்கே பாதி ரோடு வேணும்மே," என்றேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

வாரம் ஒரு நாள் மாடி பஸ்ஸில் ஊரைச் சுற்றி வருவோம். அவளுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. கீழே அவளை உட்காரவைத்துவிட்டு நான் மேலே முதல் சீட்டுக்குப் போய்விடுவேன். இறங்கியதும், "இன்னா பாத்தே?" என்பாள். மலை முழுசாகத் தெரிந்தது, கோபுரம் கண்ணுக்கு நேரே வந்தது என்று அளப்பேன். உண்மையில் அங்கே கூடுதலாகத் தெரிவது கரண்ட் கம்பி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, விளம்பரத் தட்டியின் முதுகு. யாரும் எதுவும் கேட்காத அரை மணி நேரம் வேண்டும் என்றுதான் மேலே போனேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் மேலே என்னைத் தவிர யாரும் இல்லை. கீழே கண்டக்டர் தெலுங்கில், "அம்மா, மெல்லகா," என்பது கேட்டது. திரும்பிப் பார்த்தால் படி வளைவில் அவள் தலை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஏறி வந்தாள். நான் எழுந்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று முன்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஒரு ஸ்டாப் போயிற்று.

"கீழ தெரியற மலைதானேயா இது," என்றாள். என் பக்கம் திரும்பி, "இதுக்கா என்னைத் தனியா குந்தவெச்சே?" என்றாள்.

நகர்ந்து, ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் போய், இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். எனக்குப் பின்னால் அவள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.