எல்லாவற்றையும் மாற்று

நான் கம்ப்யூட்டர் பத்திரிகைக்கு ஆசிரியரானது என் திறமையால் அல்ல. நேர்காணலில் முதலாளி, "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டார். "பாத்திருக்கேன் சார்" என்றேன். எனக்கு முன்னால் வந்தவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை போலிருக்கிறது. வேலை கிடைத்துவிட்டது. மாதம் ஓர் இதழ். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் எந்தப் பிரிண்டர் வாங்கலாம் என்று அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பிரிண்டரில் காகிதம் சிக்கினால் மகளைத்தான் கூப்பிடுவேன்.

இயந்திரங்கள் எனக்கு வசப்படவில்லை. ஆகவே சொற்களைப் பிடித்துக்கொண்டேன். ஆங்கிலச் சொல் எது வந்தாலும் அதைப் பெயர் மாற்றாமல் இதழுக்குள் விடமாட்டேன். பென்டிரைவ் செருகுநினைவி ஆனது. ஹாட்ஸ்பாட் கொதிமையம் ஆனது. வீட்டில் இணையம் போய்விட்டால் என் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: "ஏங்க, உங்க கொதிமையத்தைக் கொஞ்சம் ஆன் பண்ணுங்க, எனக்குத் தலை கொதிக்குது!" அலுவலகத்தில் என் பட்டப்பெயர் அகராதி. அதில் பாராட்டு எவ்வளவு, 'அகராதி பிடித்தவன்' எவ்வளவு என்று நான் நோண்டிப் பார்த்ததில்லை.

போன மாதம் முதலாளி என் அறைக்கு வந்தார். அறை என்றால் பழைய இதழ்க் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேசை. அவர் உட்காரவேண்டுமென்றால் ஒரு கட்டை நகர்த்தவேண்டும். நகர்த்தாமல் நின்றுகொண்டே பேசினார்.

"இதை யாராவது படிக்கிறாங்களா? நிஜமாக் கேக்கறேன். ஒரு போன் வந்து நான் பாத்ததில்லை. இந்த இதழுக்காவது யாராவது ஏதாவது சொல்றாங்களான்னு பாருங்க. சொல்லலைன்னா நிறுத்திடலாம்."

இந்த வயதில் வேறு எந்த இடத்தில் போய், "கம்ப்யூட்டர் பாத்திருக்கேன்" என்று சொல்வது?

அந்த இதழைக் கைப்பேசிச் சிறப்பிதழாகக் கொண்டுவந்தோம். கட்டுரையாளர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள். ஒருவர் கைப்பேசி என்கிறார், இன்னொருவர் செல் என்கிறார். எனக்கு அது கண்ணை உறுத்தியது. பக்கங்களை வடிவமைக்கும் பெண்மணி சாப்பிடக் கிளம்பும்போதே எச்சரித்துவிட்டுத்தான் போனார்.

"சார், அச்சுக்குப் போற ஃபைல் அது. பாத்துட்டு அனுப்பிடுங்க. கைய மட்டும் வெச்சுடாதீங்க."

கை வைத்தேன். 'செல்' என்பதைத் தேடு, 'கைப்பேசி' என்று மாற்று, எல்லாவற்றையும் மாற்று. ஒரே அழுத்தல். நூற்றுக்கணக்கான இடங்களில் மாறியதாகத் திரை சொன்னது. அத்தனை செல்லா எழுதியிருக்கிறார்கள் என்று அவர்கள்மேல் எரிச்சல்பட்டேனே தவிர, வேறு சந்தேகம் எதுவும் வரவில்லை. கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

அச்சாகி வந்த இதழைப் பிரித்தபோதுதான் நான் செய்த காரியம் தெரிந்தது. 'தகவலே செல்வம்' என்று நான் எழுதிய தலையங்கம் 'தகவலே கைப்பேசிவம்' என்று கொட்டை எழுத்தில் நின்றது. செல்வாக்குள்ள நிறுவனங்கள் கைப்பேசிவாக்குள்ள நிறுவனங்கள் ஆகியிருந்தன. உத்தரவாதம் ஓராண்டு கைப்பேசிலுபடியாகும் என்றிருந்தது. தண்ணீரில் விழுந்தால் அது கைப்பேசிலாது.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். பிரதிகள் கடைகளுக்குப் போய்விட்டன. வடிவமைப்புப் பெண்மணி முதலில் சிரித்தார், பிறகு திட்டினார், அப்புறம் யோசித்தார்.

"சார், ஒரு வகையில நல்லதுதான். எல்லாரும் போன் போட்டுக் கிழிப்பாங்க. திட்டினாலும் போன் போன்தானே?"

அவர் சொன்னது எனக்குத் தெம்பாக இருந்தது. திட்டு வாங்கத் தயாராகத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு மூன்று விதமான வாசகங்கள்கூட மனத்தில் வைத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை. போன் வேலை செய்கிறதா என்று என் கைப்பேசியிலிருந்து நானே கூப்பிட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்தது. இவ்வளவு பெரிய பிழையை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. திட்டு வாங்குவதற்குக்கூட ஒரு கொடுப்பினை வேண்டும் போலிருக்கிறது.

கடைசியில் முதலாளி வந்தார். இந்த முறை இதழ்க் கட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"ஒண்ணும் வரலை இல்ல?" என்றார்.

"வரலை சார்."

அவர் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறக்கும்போது போன் அடித்தது. வடிவமைப்புப் பெண்மணி பாய்ந்து வந்து ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், நான் தையல் கடை வெச்சிருக்கேன்" என்றது ஒரு பெண் குரல். "இந்த மாசம் கைப்பேசிவம்னு போட்டிருக்கீங்களே, அதுக்கு என்ன சார் அர்த்தம்? எந்நேரமும் போனே கதின்னு கிடக்கறதச் சொல்றீங்களா?"

முதலாளி என்னைப் பார்த்தார். வடிவமைப்புப் பெண்மணி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இல்லம்மா, அது தப்பா விழுந்துடுச்சு. செல்வம்னு இருக்கணும்" என்றேன்.

"தப்பா?" அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "உங்க பத்திரிகைல தப்பே வராதுன்னு நினைச்சேன் சார். புரியலைன்னா, எனக்குத்தான் படிப்புப் போதலைன்னு திரும்பப் படிப்பேன்."

எனக்குச் சுருக்கென்றது. மற்றவர்கள் ஏன் கூப்பிடவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கைப்பேசிவத்துக்கும் என்னுடைய கொதிமையத்துக்கும் அவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

முதலாளி மேசைமேல் குனிந்து, "எவ்வளவு நாளா படிக்கிறீங்கம்மா?" என்று கேட்டார்.

"ஆரம்பத்துலேர்ந்து. கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம்னுதான் படிக்க ஆரம்பிச்சேன்."

"வாங்கிட்டீங்களா?"

"இன்னும் இல்லைங்க. முழுசாப் புரிஞ்சதும் வாங்கிக்கலாம்னு இருக்கேன்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. முதலாளி எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பத்திரிகை நடக்கட்டும்" என்றார் என்னிடம். "இந்தம்மா கம்ப்யூட்டர் வாங்கற வரைக்கும் நடக்கட்டும்."

பிழைத்தோம் என்று நான் துள்ளியிருக்கவேண்டும். எனக்கோ உட்காரவும் கூச்சமாக இருந்தது. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். "அம்மா, நாளைக்குக் கடை இருக்கா? நான் நேர்ல வந்து எல்லாத்தையும் விளக்கிச் சொல்றேன்" என்றேன்.

"ஐயோ சார்," என்றார் மெதுவாக. "நீங்க சொன்னா எனக்குப் புரியுமா?"