உடைத்ததும் உடைந்திருந்ததும்

எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, திருத்துறைப்பூண்டியில் ஒரு டுடோரியலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கான வகுப்பு. அரசு வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம். எங்கள் தெருவில் கல்லூரிவரை போன முதல் பெண் நான்தான். அப்பா இறந்துவிட்டார். அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போவாள். பெரும்பாலும் எங்கள் ஊர் மிராசுதார் வயலுக்கு.

அந்த மிராசுதாரின் மகளுக்கு என் வயதுதான். அஞ்சல் வழியில் அதே எம்.ஏ. படித்தாள். மற்ற தாள்களிலெல்லாம் தேறிவிட்டாள். இலக்கணத் தாள் மட்டும் அரியராக நின்றது. ஒருநாள் டுடோரியலுக்கே வந்து, "வீட்டுக்கு வந்து சொல்லித்தர முடியுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

அம்மாவிடம் சொன்னேன். "எந்த வாசல் வழியா போவ?" என்றாள்.

"முன்வாசல்தான்."

"அப்ப போ."

மிராசுதார் ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பார். மகள் எதிரில் என்னை 'நீ' என்று சொல்லக் கூச்சம். 'நீங்க' என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் "வந்தாச்சா?", "காப்பி ஆச்சா?", "கெளம்பியாச்சா?" என்று எழுவாயே இல்லாமல் பேசுவார். ஆட்சி மாறிய வருஷம் அது. அவர் வேட்டியின் கரையும் மாறியிருந்தது. அதைத் தவிர அந்த வீட்டில் எதுவும் மாறினதாக எனக்குத் தெரியவில்லை.

வகுப்பு, வயல் தெரிகிற மாடி அறையில். அவளுக்குப் பிடிபடாமல் இருந்தது செமி காம்போசிட் என்கிற பாடம். பார்க்க ஒரே வாக்கியம். உள்ளே ஒன்றரை வாக்கியம் இருக்கும். 'அவள் களைத்து வீடு வந்தாள்' என்பதை ஆங்கிலத்தில், வந்தாள் என்ற ஒரே வினைமுற்றோடு சொல்லிவிடலாம். அவள் வந்தாள், அவள் களைத்திருந்தாள் என்ற இரண்டு செய்திகளும் அதற்குள் இருக்கும். இரண்டாவது, தன் எழுவாயையும் வினைமுற்றையும் முதலாவதிடம் விட்டுவிட்டு ஒண்டிக்கொள்ளும்.

இதுவரை அவளுக்குச் சிரமமில்லை. சிக்கல் அடுத்த வகையில். 'அவன் சாலையைக் கடப்பதைப் பார்த்தேன்' என்றால் அது செமி காம்போசிட். கடப்பவன் ஒருவன், பார்ப்பவள் ஒருத்தி, ஆனாலும் வாக்கியம் ஒன்றுதான். நடுவில் 'தட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டு 'அவன் கடந்துவிட்டான் என்று பார்த்தேன்' என்கிற மாதிரி எழுதினால், அது முழுக் கலவை வாக்கியம். இரண்டும் ஒன்றுதானே என்பாள்.

"ஒண்ணு இல்லீங்க. முதல்ல உள்ளது கண்ணால பாத்தது. இன்னொண்ணு பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது. அவன் அந்தப் பக்கம் நிக்கிறத பாத்துட்டு, கடந்துட்டான்னு நீங்களா சொல்லலாம்ல?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கு ஒரு 'தட்'டா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அதன்பிறகு அந்த வகையில் அவள் தப்பு செய்யவில்லை.

அந்த அறுப்புக்குத்தான் எங்கள் பக்கம் முதன்முதலாக அறுப்பு மிஷின் வந்தது. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு ஆட்கள் வேலைக்குப் போகாமல் இருந்தார்கள். மிராசுதார் வெளியூரிலிருந்து மிஷினை வரவழைத்துவிட்டார். காலையில் அது வயலில் இறங்கியதும், எங்கள் தெருப் பெண்கள் போய் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாவும் உட்கார்ந்தாள். நான் அப்போது டுடோரியலில் இருந்தேன்.

மத்தியானம் திரும்பி வந்தபோது தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. மிஷினின் முன்கண்ணாடி உடைந்துவிட்டது, பெண்கள்தான் கல்லால் அடித்தார்கள் என்று மிராசுதார் புகார் கொடுத்துவிட்டார். அம்மா பேரும் அதில் இருந்தது. ஆண்களெல்லாம் வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார்கள். அம்மா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ அடிச்சியா?"

"உக்காந்திருந்தேன். எந்திரிக்கவே இல்ல. அது பின்னால போய்த் திரும்புச்சு. சத்தம் கேட்டுச்சு. அவ்வளவுதான்."

இனிமேல் அந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வரத்தான் கிளம்பினேன். போனால், கூடத்தில் சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். எதிரில் மிராசுதார் மகள் நின்றுகொண்டிருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"மாடியிலதானே நின்ன? பாத்தத சாருக்குச் சொல்லும்மா" என்றார் அவள் அப்பா.

"பொம்பளைங்க வயல்ல உக்காந்திருந்தத பாத்தேன் சார். பாத்துட்டு உள்ள போயிட்டேன். சத்தம் கேட்டுத் திரும்பி வந்தப்ப கண்ணாடி உடைஞ்சிருந்துச்சு."

"யாரு உடைச்சா?"

"உடைஞ்சிருந்தத பாத்தேன். உடைச்சத பாக்கல."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "தானா உடையுமாம்மா? யாராவது உடைச்சிருக்கணும்ல?"

"இருக்கலாம் சார். அது நம்ம நெனைக்கிறது. நான் பாத்தது இல்ல. நான் வந்தப்பவும் அவங்க உக்காந்துதான் இருந்தாங்க."

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மிராசுதார் என்னை அப்போதுதான் கவனித்தார்.

"இதைத்தான் சொல்லிக் குடுத்ததா?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "இத எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலப்பா."

நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. திரும்பி நடந்தேன். பாடம் நடத்திய கர்வம் எனக்குள் ஒரு நொடி எட்டிப் பார்த்தது உண்மை. ஆனால் அவள் சொன்னதுதான் சரி. எத்தனையோ பேர் இலக்கணம் படித்துவிட்டு, பார்க்காததைப் பார்த்ததாகச் சாட்சி சொல்கிறார்கள்.

அந்தப் புகாரின்மேல் யாரையும் கூட்டிப்போகவில்லை. தாலுகா ஆபீசில் தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை நடந்தது. கேட்டதில் பாதி கூடியது. புகாரும் வாபஸ் ஆனது. மிஷின் பின்னால் போய்த் திரும்பும்போது வரப்போரத்துப் பனைமட்டை இடித்துத்தான் கண்ணாடி போனது என்று பிறகு சிலர் சொன்னார்கள். மிஷினோடு வந்த வெளியூர் டிரைவரிடம் கேட்க யாருக்கும் வாய்க்கவில்லை. எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது.

அந்த வீட்டில் வகுப்பு அதோடு நின்றது. ஒரு வாரம் கழிந்ததும் அவள் பஸ் ஏறி டுடோரியலுக்கே வந்துவிட்டாள். அப்பா பேசுவதில்லை என்று மட்டும் சொன்னாள். கூரைக் கொட்டகையில், கடைசி பெஞ்சில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மீதிப் பாடத்தை முடித்தாள். அந்த முறை தேறினாள். கல்யாணமாகிக் கரூர் போனவள், அங்கே ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கடிதம் போட்டிருந்தாள்.

அடுத்தடுத்த வருஷங்களில் மிஷின் எல்லா வயலுக்கும் வந்துவிட்டது. உட்கார்ந்து தடுக்க ஆளில்லை. அம்மா அறுப்பை விட்டுவிட்டு, சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவிக்குப் போனாள். வெயில் இல்லாத வேலை என்று அவளுக்கு அது பிடித்திருந்தது.