சுவருக்கு வெளியே கேட்ட கோல்

"ஒரு ஆட்டம் தோத்தாலும் கலாஸ். அதோட நிறுத்திட்டுப் படிப்பப் பாக்கணும்" என்றார் வாப்பா, கடை ஷட்டரை ஏற்றிக்கொண்டே. "பொம்பளப் புள்ளைக பந்து ஒதச்சு எத்தன நாளைக்கு ஜெயிப்பீக?"

சரி என்றேன். அந்த ஒப்பந்தத்தை அணியில் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். உம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. வாப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அதை வைத்துக்கொண்டே, நான் பிறப்பதற்கு முன்பிருந்து, அமீரகத்தின் புஜைராவில் சின்னதாக ஒரு மளிகைக் கடை நடத்துகிறார். பெண்கள் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்ததைச் சாமான் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னவர், நான் அங்கே கோல்கீப்பர் ஆனதை மட்டும் சொல்லவில்லை.

அந்த ஆண்டின் ஆட்டங்கள் எல்லாம் ஒரே நீண்ட சாயங்காலமாகத்தான் நினைவில் இருக்கின்றன. கடலிலிருந்து ஈரக்காற்று வரும். மைதான விளக்குகளைச் சுற்றி ஆவி வளையம் கட்டும். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்வரை நான் தனி. கல்லூரி மேட்டில் இருந்ததால், சுவருக்கு மேலே, நங்கூரமிட்ட எண்ணெய்க் கப்பல்களின் வெளிச்சம் தெரியும். அதில் லயித்திருக்கும்போதே ஆட்டம் என்னை நோக்கி ஓடி வரும். எங்கள் அணியின் எமராத்தித் தலைவி "யல்லா, யல்லா" என்று எல்லாரையும் விரட்டிக் கத்துவாள், பந்து என் மார்பில் வந்து ஒடுங்கும். ஜெயித்துக்கொண்டே போனோம். ஒரே ஒரு டிரா. அதைத் தோல்வி என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். "தோக்கலேல்ல? அப்பச் சரி" என்றார் வாப்பா.

பெண்கள் ஆட்டத்துக்கு ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். கடை வேனில் என்னைக் கொண்டுவந்து விடும் வாப்பா, டிரைவர்களோடு சுவருக்கு வெளியே நிற்பார். ஆரவாரம் கேட்டால் கோல். அவ்வளவுதான் அவர் அறிந்த ஆட்டம். கூட்டம் பெரும்பாலும் எங்கள் மாணவிகளாக இருந்ததால் அவர் கணக்கு தப்பியதில்லை.

இறுதி ஆட்டத்துக்கு எதிரணி பஸ் நிறைய ஆட்களைக் கூட்டி வந்திருந்தது. ஆரம்பத்திலேயே ஒரு கார்னர். பந்து என் விரல் நுனியைத் தொட்டு வலைக்குள் போனது. அவர்கள் போட்ட சத்தத்தில் நான் சுவரைத்தான் பார்த்தேன். வாப்பாவுக்குக் கேட்டிருக்கும். இதுவே கடைசி ஆட்டம் என்று நினைத்தேன்.

தலைவி ஓடி வந்தாள். "தூங்கறியா? இன்னொண்ணு விட்டே, அவங்க பஸ்லயே ஏத்தி அனுப்பிடுவேன்" என்றாள் ஆங்கிலத்தில்.

இடைவேளைக்குப் பிறகு அவளே ஒன்று போட்டாள். சூடான்காரத் தோழி தலையால் இன்னொன்று. அதன்பின் பந்து என்னிடமே வந்துகொண்டிருந்தது. அந்தக் கடைசி நிமிடங்களுக்கு என் நினைவில் ஓசையே இல்லை. வெளிச்சத்தில் மெதுவாக மிதந்து வரும் ஒரு வெள்ளை உருண்டை, நீளும் என் கைகள். பிறகு விசில்.

பதக்கத்தோடு வெளியே வந்தால், டிரைவர்கள் எல்லார் கையிலும் ஜூஸ் டப்பா. முதல் ஆரவாரத்திலேயே வாப்பா வேனைத் திறந்து, "என் மவ டீமு, பாய், என் மவ டீமு" என்று எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார்.

"மூணுக்கு சைபர்தானே?" என்றார் என்னிடம்.

"ரெண்டுக்கு ஒண்ணு, வாப்பா. மொத கோல் அவங்க போட்டது. நான்தான் விட்டேன்."

பக்கத்தில் நின்ற மலையாளி டிரைவர் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "இக்கா, ஜூஸ் திரிச்சு தரில்ல." திருப்பித் தரமாட்டாராம்.

"நீ விட்ட கோலுக்கா இத்தன ஜூஸு?" என்று வாப்பா வெகுநேரம் சிரித்தார்.

வேனில் வரும்போது கேட்டார். "அந்த மொத கோல் விழுந்தப்ப உள்ள நீ என்ன நெனச்ச?"

"நீங்க நிறுத்திடுவீகன்னு."

"நான் சந்தோசமால்ல நின்னேன் வெளிய" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"இனிமே தோத்தாலும் ஆடுவேன், வாப்பா."

அவர் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். மிச்சமிருந்த ஒரு ஜூஸ் டப்பாவை என் பக்கம் நீட்டினார்.

இப்போது படிப்பை முடித்து வேலைக்குப் போகிறேன். போன மாதம் ஒரு மகளிர் கிளப்பில் சேர்ந்தேன். அங்கே என் முதல் ஆட்டத்தில் தோற்றோம். மறுநாள் சாயங்காலம் பயிற்சிக்குப் போனேன்.