விசில் வரைக்கும் பாவாடை

மழைக்காலக் காலைகளில் அப்பா ஸ்கூட்டரைச் சரித்து, உதைத்து, வாசலில் நிறுத்திக் கொஞ்ச நேரம் உறுமவிட்ட பிறகுதான் ஏறுவார். எஞ்சின் சூடாகாமல் எடுத்தால் வண்டி பாழ் என்பார். வண்டிக்கு இருந்த அந்த மரியாதை எனக்கு இருந்ததில்லை.

மலையாள ஊரில், ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு வற்றல் மிளகாய் மொத்தக்கடை. தொண்ணூறுகளின் நடுவில் நான் பத்தாம் வகுப்பு. இருநூறு மீட்டரில் பள்ளியில் என்னை முந்த ஆளில்லை. மாவட்டப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டி, அங்கிருந்து ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் என்று விளையாட்டு டீச்சர் சொல்லியிருந்தார். அந்த வீட்டைவிட்டு வெளியேற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அப்பா தடுக்கவில்லை. கோப்பையைக் கடை மேசையில் வைக்க அவருக்குப் பிடிக்கும். மகள் நிக்கரோடு மைதானத்தில் நிற்பதுதான் பிடிக்காது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

"ஓடுகது ஓடு. விசில் அடிக்கப் போறது வரைக்கும் பாவாடையக் களட்டப்படாது. நாளைக்கு நாலுபேருக்க மூஞ்சில முழிக்கணும் நான்."

ஓடும்போது யாரும் காலைப் பார்க்கமாட்டார்கள், அதற்கு முன்னால் குனிந்து நிமிரும்போதுதான் பார்ப்பார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. பள்ளியில் அவர் இல்லை என்பதால் மெதுவோட்டம், முட்டியை நெஞ்சுவரை தூக்குவது, தொடையை இழுத்துவிடுவது எல்லாம் ஒழுங்காகச் செய்வேன். சூடாகாத தசை பழைய ரப்பர் மாதிரி, இழுத்தால் அறுந்துவிடும் என்பார் டீச்சர்.

போட்டியன்று அப்பா பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரோடு வந்து பார்வையாளர் காலரியின் முன்வரிசையில் உட்கார்ந்தார். தூறல், நல்ல குளிர். மற்ற பெண்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்க, நான் பாவாடையோடு அவர்களுடைய பைகளுக்குக் காவல் இருந்தேன். டீச்சர் மலையாளத்தில் திட்டினார். நான் காலரியைக் காட்டினேன். அவர் போய்ப் பேசிப் பார்த்தார். எங்கள் தமிழ் ஆட்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னாராம். திரும்பிவந்த டீச்சர் குனிந்து, பாவாடைக்கு மேலேயே என் தொடைகளைத் தேய்த்துவிட்டார்.

விசிலுக்குச் சற்று முன்புதான் பாவாடையைக் கழற்றினேன்; அப்பா வந்து வாங்கிக்கொண்டார். வளைவு தாண்டியபோது நான்தான் முன்னால் இருந்தேன். வலது தொடையின் பின்னால் ஏதோ பட்டென்று விட்டது. விழுந்தேன். எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். முதலில் ஓடிவந்தது அப்பா, கையில் என் பாவாடையோடு. வலிக்கிறதா என்று கேட்கவில்லை. காலை மூடினார்.

அதற்குப் பிறகு நான் ஓடவில்லை. பி.காம் படித்து, கழக்கூட்டம் என்ற பக்கத்து ஊரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தேன். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வந்தேன்.

பத்து வருடம் போல ஆகியிருக்கும். அப்பாவின் முட்டிவலிக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். அப்பா தினமும் காலையில் மியூசிய வளாகத்துக்குப் போக ஆரம்பித்தார், அரைக்கால் டிரவுசரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். நான் பாட்டுக்கு நடக்கத் தொடங்கியதும் தடுத்தார்.

"நில்லு மக்ளே. உடம்பு சூடாகாம நடந்தா தசை பிடிச்சுக்கிடும்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் பின்னால் மடக்கி இழுத்தார். டீச்சர் சொல்லித்தந்த அதே பயிற்சி. சுற்றிலும் ஆட்கள்.

"எல்லாரும் பாக்குதாவ அப்பா" என்றேன்.

"பாத்தா பாக்கட்டு. நம்ம காலு நமக்கு."

முகத்தை உற்றுப் பார்த்தேன். அவருக்கு உண்மையாகவே எதுவும் நினைவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.