தலிசாய்க் கிணறும் முருங்கை விதையும்

அறிவியல் ஆசிரியை மேம் நெனித்தா பலோமார் ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் விருந்துக்கு ஒரு முழுப் பன்றியைத் தணலில் சுட்டார்கள். ஏழு பேர் மேடையேறிப் பேசினார்கள். ஏழு பேரும் முருங்கையைப் பற்றித்தான் பேசினார்கள்.

நியாயம்தான். முப்பத்தொரு வருடமாக அவர் அறிவியல் கண்காட்சிக்குத் தயார் செய்து அனுப்பிய பிள்ளைகள் முருங்கையிலிருந்து சோப்பு செய்திருக்கிறார்கள், மை செய்திருக்கிறார்கள், கொசுவத்தி, மெழுகுவத்தி, ஷூ பாலிஷ் வரைக்கும் போயிருக்கிறார்கள். ஒரு வருடம் ஐஸ்கிரீம்கூட வந்தது. அதைத் தின்று பார்த்த நடுவர் மறுவருடம் வரவில்லை, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஒரு முருங்கை மரம் இலையில்லாமல் மொட்டையாக நின்றால் பூச்சி விழுந்துவிட்டது என்று யாரும் பதறுவதில்லை. "கண்காட்சி வருது போல" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

மேம் நெனித்தாவின் திறமையைச் சும்மா சொல்லக் கூடாது. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் அத்தனையும் 'ப'வில் தொடங்கும். பட்டியல் போட வசதியாக இருக்கட்டும் என்று ஸ்பானியர் எங்களை ஆண்ட காலத்தில் ஓர் அதிகாரி ஊருக்கு ஓர் எழுத்தாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனதன் விளைவு. மாநிலக் கண்காட்சியில் பிள்ளைகளை அகரவரிசைப்படி கூப்பிடுவதால், எங்கள் பிள்ளைகளின் முறை எப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். நடுவர்கள் பன்றிக் கறியும் சோறும் சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகி உட்கார்ந்திருக்கும் நேரம். இதை முதலில் கண்டுபிடித்தவர் மேம்தான். முதல் வாக்கியத்தை உரக்கச் சொல்ல வேண்டும், சொல்லும்போதே நடுவரின் கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டார். கையில் சோப்புக் கட்டி இருக்கிற மனிதன் தூங்க மாட்டான் என்பது அவர் கண்டறிந்த உண்மை. முப்பத்தொரு வருடத்தில் அவர் சோதித்துப் பார்த்து நிரூபித்த ஒரே அறிவியல் உண்மை அதுதான் என்று அவரே பிற்பாடு சொல்லிக்கொண்டார். ஆனால் அது பிற்பாடு.

அவர் ஓய்வு பெறுவதற்குப் பதினொரு வருடம் முன்னால், ஜூலை மாதத்தில் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பு மரிஃபெல் பபாலினாஸ் ஒரு நோட்டோடு அவர் மேஜைக்கு வந்து நின்றாள். தலிசாய் குடியிருப்பில் இருப்பவள். பதினொரு வீடு, ஒரு கிணறு, பக்கத்திலேயே இறால் பண்ணை. நோட்டில் லேசாகக் கருவாட்டு வாசம் அடித்தது.

"மேம், எங்க கிணத்துத் தண்ணி சில வாரம் உப்பு கரிக்குது, சில வாரம் கரிக்கல. எங்களவிடக் கடலுக்குக் கிட்ட இருக்கிற கிணறு நல்லாத்தான் இருக்கு. ஏன்னு பாக்கணும்."

"எப்படிப் பாப்ப?"

"பாத்துட்டுதான் மேம் இருக்கேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சார்டின் டப்பால நாலு டப்பா தண்ணி எடுத்து வத்தக் காய்ச்சுவேன். அடியில ஒட்டுற உப்பைச் சுரண்டி டீக்கரண்டில அளப்பேன். போன மார்ச்லேருந்து. அம்மா திட்டுறாங்க, விறகு வீணாகுதுன்னு."

மேம் நோட்டை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். 'எங்கள் கிணறு ஏன்?' என்று தலைப்பு. கீழே தேதிகள், கால் கரண்டி, அரைக் கரண்டி. நோட்டை மூடினார்.

"சரி, கடைசில நடுவர் கையில என்ன குடுப்ப?"

மரிஃபெல் யோசித்தாள். "உப்பா மேம்?"

ஆசிரியர் அறையே சிரித்தது. மேமும் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டு சிரித்ததுதான்.

"இன்டாய், என் பொண்ணே, கேள்வி நல்ல கேள்விதான். ஆனா கண்காட்சி நவம்பர்ல. உன் கிணறு நவம்பருக்குள்ள பதில் சொல்லுமா?"

"மே வரைக்கும் பாத்தாதான் மேம் தெரியும்."

"அப்ப மே மாசம் யார் உனக்கு மெடல் குடுப்பா? நான் சொல்றதைக் கேளு. தண்ணிதானே உன் பிரச்சினை? முருங்கை விதையைப் பொடி பண்ணிக் கலங்கல் தண்ணில போட்டா தெளிஞ்சுடும். பாட்டில்ல போட்டு நடுவர் கையில குடுக்கலாம். ஒண்ணு கலங்கல், ஒண்ணு கண்ணாடி மாதிரி."

"ஆனா எங்க தண்ணி கலங்கல் இல்லையே மேம். உப்பு."

"கலக்கிக்கலாம்" என்றார் மேம்.

நோட்டைத் தன் அலமாரியில் வைத்தார். ரெண்டு விஷயம் தலையில் ஓடினால் குழப்பம், கண்காட்சி முடியட்டும், தருகிறேன் என்றார். ஒத்திகைக்கு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கினார். மற்ற நாளில் பிள்ளைகளுக்கு வகுப்பு, அவருக்குக் கூட்டம். வேறு நாள் கிடையாது.

ஒத்திகை என்றால் சாதாரண ஒத்திகை இல்லை. நடக்கும் விதம், அட்டையைச் சுட்டும் விரல், தலைமுடி, காலுறை என்று எதையும் மேம் விட்டுவைக்க மாட்டார். எந்தக் கேள்வி வந்தாலும் "நல்ல கேள்விக்கு நன்றி" என்று தொடங்க வேண்டும். பிள்ளை சிரிக்க மறந்தால் சுவரோரம் நிற்கும் மேம் தன் உதட்டோரத்தில் ஒரு விரலை வைப்பார், பிள்ளை சிரித்துவிடும். 'தெரியாது' என்ற சொல்லுக்கு மட்டும் முழுத் தடை.

"தெரியாதுன்னு சொன்னா அஞ்சு மார்க் போச்சு. என்ன சொல்லணும்?"

"'அது எங்கள் ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.'"

"சிரிச்சுக்கிட்டே."

"அது எங்கள் ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது."

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மரிஃபெல் ஒருமுறை கேட்டாள். "மேம், என் நோட்டு..."

"கண்காட்சி முடியட்டும்னேன்ல."

மாநிலக் கண்காட்சியில் அவள் முறை மதியம் இரண்டேகாலுக்கு வந்தது. இரண்டு பாட்டில்களும் இரண்டு நடுவர்கள் கைக்குப் போயின. தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துவிட்டார். எல்லாம் மேம் நினைத்தபடி போய்க்கொண்டிருந்தபோது, பாட்டில் கிடைக்காத மூன்றாவது நடுவர், மெலிந்த ஒரு இளைஞர், கையைத் தூக்கினார்.

"தண்ணி தெளியுது, சரிம்மா. உப்பு போகுமா?"

அந்த அரங்கத்திலேயே அந்தக் கேள்விக்கு முழு விடை தெரிந்த ஒரே ஆள் மரிஃபெல். போகாது. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வருமுன் விடியற்காலையில் எழுந்து தன் கிணற்றுத் தண்ணீரில் முருங்கை விதைப் பொடியைப் போட்டுக் காய்ச்சிப் பார்த்திருந்தாள். கரண்டி அளவு மாறவே இல்லை. அவள் வாய் திறந்தது, மூடியது. சுவரோரம் பார்த்தாள்.

மேம் உதட்டோரத்தில் விரலை வைத்தார்.

"நல்ல கேள்விக்கு நன்றி, ஐயா" என்றாள் மரிஃபெல், சிரித்துக்கொண்டே. "அது எங்கள் ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது."

இரண்டாம் பரிசு. ஊர் எல்லையில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினார்கள். மேயரின் முகம் கதவு அளவு, மரிஃபெலின் முகம் ஜன்னல் அளவு, மேமின் முகம் பூட்டு அளவு. மேயருக்குத் தண்ணீர் விஷயத்தில் அக்கறை பொங்கி, தலிசாயின் பதினொரு வீட்டுக்கும் முருங்கை விதைப் பொடி பாக்கெட்டுகளை அனுப்பிவைத்தார். பாக்கெட்டிலும் அவர் முகம்தான். குடியிருப்பின் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்று நகராட்சிக் கூட்டத்தில் குறிப்பு எழுதினார்கள். ஆகவே அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச யாருக்கும் தேவை இருக்கவில்லை.

சந்தையில் மரிஃபெலின் அம்மாவைப் பார்த்தபோது மேம் கேட்டார், "பொடி போட்டீங்களா?"

"போட்டேன் மேம். கிணத்துல என் முகம் இப்ப நல்லாத் தெரியுது. உப்புதான் தெரிய மாட்டேங்குது, வாயில வச்சாதான் தெரியுது."

மேம் இதையும் சிரித்துக்கொண்டே மற்ற ஆசிரியர்களுக்குச் சொன்னார்.

இரண்டு வருடத்தில் அந்தக் கிணற்றை விட்டுவிட்டார்கள். அவரைப் பந்தல் காய்ந்தது, பிறகு எலுமிச்சை மரம். ஒவ்வொரு வீடாகக் கிளம்பிப் போனது. மரிஃபெல் வீடு கடைசிக்கு முந்தைய வீடு. காலியான நிலத்தை இறால் பண்ணைக்காரர் வாங்கி இரண்டாவது குளம் வெட்டினார். கிணறு இப்போது அந்தக் குளத்துக்குள்ளே எங்கேயோ இருக்கிறது.

இனி ஓய்வு பெற்ற மறுநாளுக்கு வருவோம். மேம் தன் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தார். பழைய மூன்று மடிப்புக் கண்காட்சி அட்டைகளுக்கு அடியில், உலர்ந்த முருங்கைத் தூசுக்குள், அந்த நோட்டு கிடந்தது. பதினொரு வருடமாகக் கருவாட்டு வாசத்தை அது விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். முதல்முறையாக.

இரண்டாம் பக்கத்திலிருந்து ஓரத்தில் ஒரு கோடு கிழித்து 'மதகு' என்று எழுதியிருந்தது. பௌர்ணமிக்கோ அமாவாசைக்கோ பண்ணைக்காரர் மதகைத் திறந்து கடல் தண்ணீரைக் குளத்துக்கு விட்ட நாட்கள். ஒவ்வொரு 'மதகு'க்கும் அடுத்த ஞாயிறு கரண்டி நிறைந்திருந்தது. மே மாதம் மூன்று வாரம் பண்ணையைக் காயப்போட்டிருக்கிறார்கள். அந்த மூன்று வாரமும் கால் கரண்டிக்கு மேல் ஏறவில்லை. ஜூன் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'கடல் இல்லை. குளம்தானோ? குளத்துக்கு அடியில் களிமண் போட்டால்? மேமிடம் கேட்க வேண்டும்.'

கேட்க வந்த பிள்ளையிடம் 'கையில் என்ன கொடுப்பாய்' என்று கேட்டவர் அந்த மேம்.

அதற்கடுத்த பக்கங்கள்தான் அவரை எழுந்திருக்க விடவில்லை. அடுத்த மே வரைக்கும் எல்லா ஞாயிற்றுக்கிழமைக்கும் தேதி எழுதி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு வைத்திருந்தாள். நாற்பத்துநான்கு ஞாயிறு. எல்லாக் கட்டமும் காலி.

மறுவாரம் மேம் இலோய்லோ நகரத்துக்கு ஜீப்னி வண்டி ஏறினார். மரிஃபெல் அங்கே ஒரு கால் சென்டரில் அமெரிக்காக்காரர்களின் புகார்களைக் கேட்கும் வேலையில் இருந்தாள். காலை எட்டு மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தவள் மேமைப் பார்த்ததும் கையைப் பிடித்து, பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதையாகத் தன் நெற்றியில் வைத்துவிட்டு, பத்சோய் நூடுல்ஸ் சூப் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கிண்ணம் வந்தது.

"வேலை எப்படி இன்டாய்?"

"உங்க புண்ணியம் மேம். இன்டர்வியூல ஒரு கேள்விக்கு விடை தெரியல. 'நல்ல கேள்விக்கு நன்றி'ன்னேன். அங்கேயே எடுத்துக்கிட்டாங்க. இப்ப புதுசா சேர்றவங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுக்கிறேன், 'தெரியாது'ன்னு மட்டும் சொல்லிடாதீங்கன்னு."

அவள் சிரித்தாள். மேம் பையைத் திறந்து நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

மரிஃபெல் கையைத் துடைத்துக்கொண்டாள். நோட்டைத் திறக்கவில்லை, முகர்ந்து பார்த்தாள். "அம்மா சமையல்கட்டு" என்றாள்.

"நான் அன்னிக்கு முதல் பக்கம் மட்டும்தான் பாத்தேன்."

"தெரியும் மேம்."

"தெரியுமா?"

"மத்த பக்கத்தைப் பாத்திருந்தா எழுத்துப் பிழையெல்லாம் சிவப்பு மைல சுழிச்சு, அன்னிக்கே என்னைக் கூப்பிட்டுக் காட்டாம விட்டிருப்பீங்களா?"

மேமுக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்டியால் சூப்பைக் கலக்கினார். கேட்கத்தான் இத்தனை தூரம் வந்திருந்தார், கேட்டுவிட்டார்.

"நான் அன்னிக்கே படிச்சு, உன்னைத் தொடர்ந்து அளக்க விட்டிருந்தா... அந்த நோட்டோட நகராட்சிக்கு நானே போயிருந்தா... கிணறு பிழைச்சிருக்குமா?"

மரிஃபெல் தன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு ஒரு விரலை எடுத்துத் தன் உதட்டோரத்தில் வைத்துக்கொண்டாள். சிரித்தாள், சொல்லிக்கொடுத்த அளவுக்கு, அதற்கு மேலே இல்லாமல்.

"அது எங்கள் ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது, மேம்."

பக்கத்து மேஜையில் யாரோ நூடுல்ஸை உறிஞ்சினார்கள். மேம் தலையைக் குனிந்துகொண்டார்.

"பேனா இருக்கா மேம்?"

இருந்தது. சிவப்புதான் இருந்தது. மரிஃபெல் நோட்டைத் திறந்து, காலிக் கட்டங்கள் தொடங்கும் இடத்துக்குப் போனாள். முதல் ஞாயிற்றுக்கு நேரே 'ஒத்திகை' என்று எழுதினாள். அடுத்த ஞாயிற்றுக்கும் 'ஒத்திகை'. அப்படியே நவம்பர் வரைக்கும், ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், அந்த வயதில் எழுதிய அதே வட்டக் கையெழுத்தில் எழுதிக்கொண்டு போனாள். கண்காட்சி நடந்த வாரத்துக்கு நேரே 'இரண்டாம் பரிசு' என்று எழுதினாள்.

அதற்குப் பிறகான கட்டங்களை அவள் தொடவில்லை. பேனாவை மூடி, நோட்டின் மேல் வைத்து, இரண்டையும் மேம் பக்கமாகத் தள்ளினாள்.

"சாப்பிடுங்க மேம், ஆறிடுது" என்றாள்.